ஓய்வுநாளில் வந்த போன்

கோபத்தோடு சாட்சி சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோபத்தை மறைத்துச் சொன்னால் அது பாதிச் சாட்சிதான். பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

என் பெயர் யாக்கோபு. திருவொற்றியூரில் வீடு, மணலியில் வெல்டிங் வேலை. என் மனைவி எஸ்தர் இரண்டு வருஷமாக இஸ்ரவேலில் இருக்கிறாள். மிரியாம் என்ற யூத அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எண்பது வயது தாண்டியவர், சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாது.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, எஸ்தர் இருக்கும் தெருவிலேயே ஏவுகணை விழுந்ததாக டிவியில் காட்டினார்கள். போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுநாள் காலையிலும் அதேதான். "ஆண்டவரே, அவள் குரலை ஒரு தரம் கேட்க வையும்." இது ஒன்றுதான் என் ஜெபம். வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

சனிக்கிழமை எங்கள் சபையில் உபவாச ஜெபம். நாலு பேர் ஆறுதலாக இருப்பார்கள் என்று போனேன். பாஸ்டர் மேடையில் நின்று, "இஸ்ரவேலில் குண்டு விழுகிறது, கடைசிகால அடையாளம் நிறைவேறுகிறது, சந்தோஷப்படுங்கள்!" என்றார். சபை கைதட்டியது! என் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் பக்கத்திலேயே தட்டுகிறார்கள்.

போதாததற்கு, ராகேல் அக்கா பின்னாலிருந்து சொன்னார்: "ஆண்டவரையே சிலுவைல அறைஞ்ச ஜனந்தானே? அனுபவிக்கட்டும். நம்ம எஸ்தருதான் பாவம், நடுவுல மாட்டிக்கினா."

பெரிய வெள்ளிக்கிழமைகளில் இதே பேச்சை நானும் பேசியிருக்கிறேன். அன்றைக்குக் காதில் வாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"யக்கா, உன் பேரு இன்னா? ராகேலு. என் பேரு யாக்கோபு. பாஸ்டர் பேரு சாமுவேலு. இதெல்லாம் யாரு வூட்டுப் பேரு? நாம பாடுற சங்கீதம் யாரு வூட்டுப் பாட்டு? ஆண்டவரு இன்னா காசிமேட்டுலயா பொறந்தாரு? அவரப் பெத்த அம்மா யூதச்சிதானே! அவங்க வூட்டுலேர்ந்து அல்லாத்தையும் எடுத்துக்கினு, அங்க குண்டு வுழுந்தா கை தட்றீங்களே, நீங்கல்லாம் மன்சங்களா?"

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்போது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"அழுவாதய்யா, உசுரோடதான் கீறேன்" என்றாள் எஸ்தர்.

சைரன் ஊதியதும் மிரியாம் அம்மா, "என்னை விட்டுவிட்டு நீ ஓடு" என்றிருக்கிறார். இவள் கேட்கவில்லை. நாற்காலியோடு அவரை நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மேலே விட்டுவந்த இவள் போன் இடிபாட்டில் நொறுங்கிவிட்டது. வெள்ளி சாயங்காலத்திலிருந்து அவர்களுக்கு ஓய்வுநாள். போனையோ சுவிட்சையோ தொடமாட்டார்கள். எஸ்தருக்குக் கேட்கக் கூச்சம். காலையில் அந்த அம்மாவே, "உன் புருஷனுக்குத் தெரியுமா?" என்று கேட்டு, அவசரத்துக்கென்று பையில் வைத்திருந்த தன் போனைத் தன் கையாலேயே ஆன் பண்ணிக் கொடுத்தாராம். ஓர் உயிர் தவிக்கும்போது ஓய்வுநாள் தடையில்லை என்றாராம்.

ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கிய ஆண்டவரைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்! அந்த மனசை அன்றைக்குத்தான் கண்டேன்.

மிரியாம் அம்மா போனை வாங்கி, எஸ்தர் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார்: "சாப்டியா?"

உபவாசத்தில் இருந்த நான், "சாப்டேம்மா" என்று பொய் சொன்னேன்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்போது யூத ஜனத்தை யார் இழிவாகப் பேசினாலும் நான் சும்மா விடுவதில்லை. தினமும் மிரியாம் அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். இஸ்ரவேல் எல்லைக்கு அந்தப் பக்கம், அங்கே விழும் குண்டுக்குப் பயந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு நடுங்குகிற தாய்மாருக்காகவும் ஜெபிக்கிறேன். கைதட்டினவர்கள் மேல் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதற்கும் ஜெபியுங்கள்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள், பதில் வரும். அது ஒரு யூதக் கையிலிருந்து வந்தால் முகம் சுளிக்காதீர்கள். நம்முடைய இரட்சிப்பே அந்த வீட்டிலிருந்துதான் வந்தது.