எண்ணெய் குறையாத எஞ்சின்

மனதார நான் வெறுத்தவை இந்த உலகத்தில் இரண்டுதான். ஒன்று பாகற்காய். அதைப் பின்னால் சாப்பிடப் பழகிவிட்டேன். இன்னொன்று என் கணவர் வாங்கி வந்த பழைய காரின் எஞ்சின். அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சுதந்திரம் கிடைத்த கொஞ்ச நாளில், ஊரைப் பார்த்துக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் அதை வாங்கினார். அப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்களுக்கு வாடகை வீடு. அவர் கண்டோன்மென்டில் ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவார். கார் வந்த பிறகும் சைக்கிளில்தான் போனார். பெட்ரோல் வீணாகிவிடுமாம். நடந்தால் ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் வந்துவிடும் சர்ச்சுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை கார் புறப்படும்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஆண்கள் கூடுவார்கள். இவர் பானட்டைத் திறப்பார். பத்து குதிரைத் திறன், நாலு சிலிண்டர், சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வால்வு, மூன்று கியர், ஆறு வோல்ட் பேட்டரி என்று ஒப்பிப்பார். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதுகூட நடுவில் ஒரு வரியை விழுங்குகிறவர் இதில் ஒரு சொல்லையும் விட்டதில்லை. சுற்றி நின்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் வெயிலில் குடையோடு நிற்பேன்.

அவர் ஒப்பிக்காதது எனக்குத் தெரியும். ஆறு வோல்ட் பேட்டரிக்கு மார்கழிக் குளிரில் முனகத்தான் தெரியும், எஞ்சினைச் சுற்றத் தெரியாது. கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினால் அது திருப்பி உதைக்கும். வீங்கிய மணிக்கட்டுக்குத் தைலம் தேய்க்கிற வேலை எனக்கு. தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் அதற்குக் கிடையாது, சூடானால் தண்ணீர் தானே மேலேறித் தானே கீழிறங்க வேண்டும். மேடு வந்தால் கொதித்துவிடும், ஆகவே மடியில் ஒரு டின் தண்ணீரோடு உட்கார்வதும் என் வேலை. கண்ணாடி துடைக்கிற வைப்பர் எஞ்சின் இழுக்கும் மூச்சில் ஓடுவது. மேடேறும்போது எஞ்சினுக்கே மூச்சு போதாது, வைப்பர் நின்றுவிடும். மழையில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துணியால் துடைத்தவள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

வால்வுகள் அடிக்கடி கரிந்துபோகும். அவற்றைக் கழற்றி வந்து, நாங்கள் சாப்பிடுகிற மேஜையிலேயே பசை தடவித் தேய்ப்பார். இதெல்லாம் போகட்டும். அந்த எஞ்சினின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. பிஸ்டனை இழுக்கும் தண்டு சுழல்கிற இடத்தில், மெத்தென்ற வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். எண்ணெய் சரியாக இருக்கிறவரை ஒன்றும் ஆகாது. எண்ணெய் கெட்டால் அந்த உலோகம் உருகிவிடும், முழு எஞ்சினையும் பிரித்துப் புதிதாக ஊற்ற வேண்டியதுதான். இதை எனக்குச் சொன்னவரே அவர்தான். தெரியாமல் செய்திருந்தால் நான் இவ்வளவு எரிந்து விழமாட்டேன்.

ஆபீசிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குப் போய் எஞ்சினை ஓடவிடுவார். வண்டி நகராது. பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் இருமிக்கொண்டே நிற்க, பக்கத்தில் இவர் கைகட்டி நிற்பார். வாரம் பூராவும் சும்மா கிடந்தால் அதற்கு உடம்பு கெட்டுவிடுமாம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர் இவர். பிறகு எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். எண்ணெய் குறைந்திருக்காது. முகம் மலர்ந்துவிடும்.

சில மாதம் போனதும் குறையாதது மட்டுமில்லை, ஏறவே ஆரம்பித்தது. கம்பியில் இருந்த கோட்டைத் தாண்டி நின்றது. யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இவர் அதைச் சர்ச் வாசலில் கொண்டுபோய் அளந்தார். மற்றவர்கள் வண்டி எண்ணெய் குடிக்கிறது, என் வண்டி எண்ணெய் சுரக்கிறது என்றார். அத்தனை ஆண்களும் வாயைப் பிளந்தார்கள். அதெப்படி என்று ஒருவராவது கேட்க வேண்டுமே.

துடைத்த துணியெல்லாம் என் துவைக்கிற கல்லுக்குத்தான் வரும். அதில் எண்ணெய் நாற்றத்தைவிட பெட்ரோல் நாற்றம் தூக்கலாக இருந்தது. அதை நான் சொன்னேன்.

"பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசன வராம மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றார்.

நான் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தேன். அவரிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம்.

அப்பா கோலார் தங்க வயலில் இருந்தார். பல வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். கல்தூசி நெஞ்சில் படிந்து, கடைசியில் மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிட்டது. ஒரு நாள் காலையில் சித்தப்பா ரயிலில் வந்து இறங்கினார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. "அண்ணன் ஒன்னத்தான் கேட்டுக்கினே கீறாரு பாப்பா. அடுத்த ரயிலுக்கே போயிடலாம் வா" என்றார்.

நான் புடவைகளைப் பையில் திணிப்பதற்குள் என் கணவர் ஷெட்டைத் திறந்துவிட்டார். ரயிலில் போனால் பௌரிங்பேட்டையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், காரில் போனால் நேராக வீட்டு வாசல். அதுவுமில்லாமல் மாமா நம் வண்டியைப் பார்த்ததே இல்லை என்றார். சரி, சித்தப்பாவும் ஏறட்டும் என்றேன். மூன்று பேரை வைத்துக்கொண்டு மேடேறினால் தண்ணீர் கொதித்துவிடுமாம். சித்தப்பா ரயிலிலேயே வரட்டுமாம். அப்படியானால் நானும் ரயிலில் போகிறேன் என்றேன். வீட்டில் காரை வைத்துக்கொண்டு பெண்டாட்டியை மூன்றாம் வகுப்பில் அனுப்பினால் உன் சொந்தக்காரர்கள் முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கத்தினார். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். சித்தப்பாதான், போ பாப்பா, சண்டை வேணாம் என்று என்னைக் காரில் ஏற்றிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ஹொஸகோட்டே தாண்டும்வரை இவருக்கு ஒரே குஷி. ரயிலுக்கு முன்னால் போய்விடுவோம் என்று அழுத்தி ஓட்டினார். அந்த எஞ்சின் அவ்வளவு தூரம் ஓடியதே இல்லை. ஷெட்டில் நின்று இருமத்தான் அதற்குப் பழக்கம். கொஞ்ச நேரத்தில் காலடியில் லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. வால்வுச் சத்தம், ஒன்றுமில்லை என்றார். தட்டல் சம்மட்டி அடியானது. அப்புறம் ஒரு குலுக்கல், புகை. வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

இறங்கிப் பானட்டைத் திறந்தவர் முதலில் உருவியது அந்தக் கம்பியைத்தான். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு, எண்ணெ ஃபுல்லா கீது. எண்ணெ ஃபுல்லா இருக்கறப்ப எப்பிடி ஆவும்?"

அந்தக் கம்பியிலிருந்து தண்ணீர்போல ஏதோ சொட்டியது. துவைக்கிற கல்லில் நான் முகர்ந்த அதே நாற்றம். பின்னால் வந்து பார்த்த மெக்கானிக் எல்லாவற்றையும் விளக்கினாராம். சோக்கை இழுத்துவிட்டுக் குளிர்ந்த எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக எண்ணெய்க்குள் இறங்குமாம். எஞ்சினோடு ஒட்டியிருந்த பெட்ரோல் பம்பின் சவ்வும் கிழிந்து அதன் பங்குக்கு ஒழுகியிருக்கிறது. தினமும் ஏறியது எண்ணெய் இல்லை, பெட்ரோல். பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன அந்த எண்ணெயை நம்பி ஓடிய வெள்ளை உலோகம் உருகாமல் என்ன செய்யும்? எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. அப்பாவின் மூச்சுதான் கண்முன்னால் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கோலார் பஸ் ஒன்று வந்தது. நான் கையைக் காட்டினேன். வண்டியோடு என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாயா என்று கேட்டார் என் கணவர். நான் பஸ்ஸில் ஏறினேன். கோலாரில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்துக்கிடந்து, சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. சித்தப்பா எழுந்து வந்து என் பையை வாங்கிக்கொண்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரயில் நேரத்துக்கு வந்து சேர்ந்ததாம். அப்பாவுக்கு நினைவு இருந்ததாம். சித்தப்பா தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"'பாப்பா வரலியா'ன்னாரு. 'கார்ல வருதுண்ணா'ன்னேன். 'அப்ப ஒனக்கு முன்னாடியே வந்திருக்கணுமே'ன்னாரு. அப்புறம் வாசலயே பாத்துக்கினு இருந்தாரு."

மறுநாள் அடக்கத்துக்கு இவர் வந்தார். லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு காரோடு வந்தார். கல்லறையிலிருந்து திரும்பியபோது எங்கள் சொந்தக்காரர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். கறுப்புப் பட்டை கட்டிய கையால் இவர் பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பத்து குதிரைத் திறன், நாலு சிலிண்டர் என்று ஆரம்பித்துவிட்டார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

எஞ்சினுக்கு மறுபடி வெள்ளை உலோகம் ஊற்றினார்கள். அது இன்னும் பல வருடம் ஓடியது. நான் அதில் ஏறவில்லை. சர்ச்சுக்கு நடந்தே போனேன். ஏன் நடக்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வழியாக அறுபதுகளில் அதை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து, எஞ்சின் எப்படி, வழியில் எங்கேயாவது நின்றிருக்கிறதா என்று விசாரித்தார். நான் காப்பி கொண்டுவந்தேன்.

"தங்கமான எஞ்சின் சார். இத்தன வருஷத்துல ஒரே ஒரு தரம்தான் காலை வாரிச்சு" என்றார் என் கணவர்.

நான் காப்பியை வந்தவர் முன்னால் வைத்தேன்.

"எங்கப்பாவும் ஒரு தரம்தாங்க செத்தாரு" என்றேன்.