தையல் போடாத கண்

என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் பலதும் சொன்னார். தையல் போடவில்லை என்றதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை இருப்பதால் காயம் ஆற நாளாகும், தண்ணீர் படக்கூடாது என்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் பௌர்ணமி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் எங்கள் டீக்கடை. கூட்டத்தைச் சமாளிக்க ஆளில்லை என்று அவளையே அடுப்படியில் நிற்க வைத்தேன்.

மதியத்துக்கு மேல், "கண்ணு ரொம்ப உறுத்துதுங்க" என்றாள்.

"தையலே போடல, இன்னா ஆயிடப்போவுது? தூசி விழுந்திருக்கும். கழுவிட்டு வா" என்றேன்.

டிரம் தண்ணீரை அள்ளிக் கழுவிவிட்டு வந்து, மறுபடியும் டீ ஆற்றினாள். அதிலிருந்து மூன்றாம் நாள் கண்ணில் சீழ் வைத்துவிட்டது.

"தையல் இல்லன்னா காயமே இல்லன்னு நெனச்சிட்டீங்களா? உறுத்துனப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார் டாக்டர். அந்தக் கண்ணை அவரால் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது டீ ஊற்றும்போது டம்ளரின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று வாடிக்கையாளர்கள் யாராவது கேட்டால், "தூசி விழுந்துடுச்சுங்க" என்கிறாள்.

பக்கத்திலேயே நிற்கும் நான் இதுவரை ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை.