மேடையில் தின்ற வாழைப்பழம்

எனக்குச் சர்க்கரை வந்திருக்கும் செய்தியை டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார். பக்கத்து நாற்காலியில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். "மூணு மாசம் பாப்போம். குறையலன்னா ஊசிதான்" என்றார். அவள் தலையாட்டிய வேகத்திலேயே என் சாப்பாட்டின் கதி தெரிந்துவிட்டது.

அன்றோடு என் வாழைப்பழம் நின்றது. விவரம் தெரிந்த நாளிலிருந்து, ராச்சாப்பாடு முடிந்ததும் ஒரு நாட்டுப்பழம் உள்ளே போனால்தான் எனக்குச் சாப்பிட்டதாகவே கணக்கு. காப்பியில் சீனி போனதைப் பொறுத்துக்கொண்டேன். சோற்றில் பாதி போனதையும் பொறுத்துக்கொண்டேன். பழம் போனதைப் பொறுக்க முடியவில்லை. கெஞ்சினேன், கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் உண்டு. புருஷன் பெண்டாட்டியை எதிரெதிர் அணியில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பது தெருவின் வழக்கம். அப்படிச் செய்தால் கடைசிவரை ஒருத்தரும் எழுந்து போகமாட்டார்கள். இந்தத் தடவை தலைப்பு, 'உடலுக்குப் பெரிதும் சத்து தருவது பழமா, காய்கறியா?' தெருச் சங்கத் தலைவர் அண்ணாச்சிதான் நடுவர். அவர் வந்து கேட்ட மாத்திரத்தில் பழத்தின் பக்கம் நான் பேசுகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். ஊர் முன்னால் பழத்தை ஜெயிக்க வைத்துவிட்டால், பிறகு வீட்டில் எப்படி மறுப்பாள்?

ஒரு வாரம் படித்தேன். பொட்டாசியம், நார்ச்சத்து, பி6 என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்தேன். காய்கறிப் பக்கம் அவள். கணக்கு டீச்சர். எதற்கும் குறிப்பெடுக்கவில்லை. எப்படியும் கத்திரிக்காயையோ புடலங்காயையோ தூக்கிக்கொண்டு வருவாள் என்று நினைத்து, புடலங்காயைக் கிழிகிழியென்று கிழிக்க ஒரு பக்கம் தனியாக எழுதி வைத்திருந்தேன்.

பட்டிமன்றத்தன்று சாயங்காலம் சட்டைப்பையில் ஒரு நாட்டுப்பழத்தை ஒளித்துக்கொண்டுதான் மேடை ஏறினேன். பேச்சு பிரமாதமாகப் போயிற்று. பொட்டாசியத்துக்கே கைதட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "சமைக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம், உரித்தால் போதும்!" என்று முழங்கி, பழத்தை எடுத்து உயர்த்தி உரித்தும் காட்டினேன். உரித்த பழம் முகத்துக்கு நேரே இருந்தது. அதன் வாசனை வந்தது. மூன்று மாதம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

மைக் முன்னால் நின்றுகொண்டு முழுப் பழத்தையும் தின்று முடித்தேன். மெல்லுகிற சத்தம் நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. கூட்டம் விசிலடித்தது.

"ஏன் வே, பேசக் கூப்பிட்டா திங்குதீரு?" என்றார் அண்ணாச்சி.

என் மனைவி எழுந்தாள். மைக் பக்கம் வரவில்லை. மேடையை விட்டு இறங்கிப் பந்தல் வாசலுக்குப் போனாள். அங்கே அண்ணாச்சி சீவலப்பேரித் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கட்டிய வாழைமரம், பச்சைத் தாரோடு நின்றது. எக்கி ஒரு காயைத் திருகி எடுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரர் இப்பம் தின்னது நாட்டுப்பழம். இது நாட்டு வாழைக்காய். அவர் சொன்ன பொட்டாசியம் இதுலயும் இருக்கு, நார்ச்சத்தும் இருக்கு. பழுக்கப் பழுக்க இதுல உள்ள மாவெல்லாம் சீனியா மாறிரும். காயா இருக்கையில அந்த மாவு லேசுல செரிக்காது, ரத்தத்துல சீனி பையத்தான் ஏறும். ரெண்டுலயும் சத்து உண்டு. பழத்துக்கு அவசரம், காய்க்கு நிதானம். எங்க வீட்டுல அவசரத்துக்கு ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கு."

கூட்டம் நாற்காலியைத் தட்டி ஆர்ப்பரித்தது. என் நோட்டில் புடலங்காய்தான் இருந்தது. வாழைக்காயை எதிர்த்து ஒரு வரி கிடையாது. இரண்டு அணிக்கும் வலிக்காமல் தீர்ப்புச் சொல்லுகிற அண்ணாச்சியே அன்றைக்குக் காய்கறிதான் என்று ஒரே போடாகப் போட்டார். பரிசாகப் பந்தல் தாரையே வெட்டி அவளிடம் கொடுத்தார். அதைத் தோளில் சுமந்து வந்தது நான்.

மறுநாளிலிருந்து வீட்டில் வாழைக்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் புட்டு, வாழைக்காய்ப் புளிக்குழம்பு. ஆனால் தார் யாருக்காகக் காத்திருக்கும்? அடுத்த வாரம் ஒரு காலையில் எழுந்தால் வீடே மணக்கிறது. மிச்சமிருந்த தார் முழுதும் பழுத்துத் தொங்குகிறது. காய்கறி அணியின் பரிசே எங்கள் அணிக்குத் தாவிவிட்டதே என்று நான் கூடத்தில் ஆடாத குறைதான். அவள் சீப்பு சீப்பாக அறுத்துத் தெருவெல்லாம் கொடுத்துவிட்டாள். ஒரு சீப்பு மட்டும் மிஞ்சியது.

மறுநாள்தான் மூன்று மாதக் கெடு. டெஸ்ட்டில் சர்க்கரை நன்றாகவே குறைந்திருந்தது. "ஊசி வேண்டாம். எப்பமாவது பாதிப் பழம் சாப்பிடட்டும்" என்று டாக்டர் இந்தத் தடவையும் அவளிடமே சொன்னார். எனக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரு பழத்தை உரித்து, அளந்ததுபோல் சரிபாதியாக வெட்டினாள். ஒரு பாதியை என் தட்டில் வைத்தாள். இன்னொரு பாதியைத் தன் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சும்மா தின்கிற முகமில்லை அது. ரொம்ப நாள் பட்டினி கிடந்த முகம்.

"நீ கடைசியா எப்பம் பழம் தின்ன?" என்றேன்.

"டாக்டர் சொன்னதுக்கு முந்தின நாளு. ஒங்களுக்கு இல்லைன்னுட்டு நான் மட்டும் எப்பிடித் திங்க?"

மூன்று மாதமும் எனக்காக மட்டும்தான் வாதாடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என் பாதியை அவள் பக்கம் நகர்த்தினேன். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்பாள் என்று பார்த்தேன்.

"அதுதான் நியாயம். அன்னைக்கு மேடையில ஒண்ணு முழுசாத் தின்னீங்கல்லா" என்று சொல்லி, அதையும் தின்றுவிட்டாள்.