போலீஸ் நோட்டிலிருந்து என் மகன் பெயரை எடுத்த ஆத்தா

ஆத்தாவை நம்பும் சொந்தங்களே, வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் மகன் தினேஷ் பதினைந்து வயதில், கூடப் படித்த பெண்ணிடம் தப்பாக நடந்துகொண்டான். போக்சோ வழக்கு. செய்தது பாவம், அதை நான் மூடி மறைக்கவில்லை. கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான், சொன்ன கவுன்சிலிங்குக்கெல்லாம் போனான். சிறுவர்களை விசாரிக்கும் நீதிக் குழுமத்து ஜட்ஜம்மா, வழக்கு முடிந்தது என்றார்கள்.

ஆனால் எங்களுக்கு அது முடியவில்லை. அவன் பதினெட்டைத் தாண்டியும், பழைய குற்றவாளிகளை எழுதி வைக்கும் காவல் நிலையத்து நோட்டில் அவன் பெயர் அப்படியே இருந்தது. திருவிழா, தேர்தல் எது வந்தாலும் ஏட்டு வாசலில் வந்து கூப்பிடுவார். போய்க் கையெழுத்துப் போட்டு, நாள் முழுக்க உட்கார வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்த வேலைகளும், விசாரணை என்று போலீஸ் வந்து நின்றதும் போயின. ஒருநாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் இன்னாத்துக்கும்மா உயிரோட கீறேன்?" என்றான். ஓடிப் போய், ஆவடியில் எங்கள் தெரு மாரியம்மன் முன்னால் விழுந்தேன். "அந்த நோட்டுலேர்ந்து இவன எடு தாயே. எடுக்கற வரிக்கும் உன்ன உடமாட்டேன்."

போன ஆடியில் தீமிதிக்காக அவனுக்குக் காப்புக் கட்டினோம். காப்புக் கட்டியவர்கள் தீ மிதிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காவல் நிலையமோ ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே. மறுநாளே ஏட்டு வந்துவிட்டார்.

"காப்பு கட்டிகினு கீறான் சார். வரமாட்டான்" என்றேன்.

"இன்ஸ்பெக்டருக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"அவங்கள இங்க வரச் சொல்லுங்க. நான் சொல்றேன்."

சட்டம் தெரிந்து பேசவில்லை. ஆத்தாவுக்குப் பயந்து பேசினேன்.

சாயங்காலம், புதிதாக வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் கோயிலுக்கே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இவனை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று ஏட்டைக் கேட்டார். பழைய கேஸ் என்றார் ஏட்டு.

"அப்போ இவனுக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு மேடம்" என்றேன் நான்.

அவர் முகம் மாறியது. "சின்னப் பையனா இருந்தப்ப முடிஞ்ச கேஸு. அதுக்காக இவன் பேரை எழுதி வைக்கவே கூடாது. அந்த ரெக்கார்டையே அழிச்சிருக்கணும்" என்றார். குழுமத்தில் விசாரித்து, தீமிதிக்கு முன்பே பெயரை நீக்கிவிட்டதாக ஆள் அனுப்பிச் சொன்னார்.

அவன் தீயில் இறங்கியபோது வாய்விட்டு அழுதேன். இப்போது அதே எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். அன்று இவனால் பாதிக்கப்பட்ட அந்தப் பெண் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று வெள்ளிதோறும் ஆத்தாவிடம் கேட்கிறேன். இவனும் கேட்கிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை தலைகுனிந்து கிடந்தால், ஆத்தா காலைப் பிடியுங்கள். பிடித்துவிட்டு எழுந்து போய், வாசலில் நின்று கூப்பிடுகிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள். கேட்பதற்கு வாய் கொடுப்பவளும் அவள்தான்.