பல் வைத்த சுவர்

சுனாமி வந்துபோன மறு வருஷம், மரக்காணம் உப்பளத்து ஓரமாக கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்து நிற்கும் ஒரு கிடங்குச் சுவரில் படம் வரைய என்னைக் கூப்பிட்டார்கள். அதுவரை நான் வரைந்த முகங்கள் மூன்று வகை: கட்சித் தலைவர்கள், சினிமா நடிகர்கள், செத்தவர்கள். முதல் இரண்டு வகையில் மூக்கு கொஞ்சம் கோணினாலும் அடிக்க ஆள் வரும். மூன்றாவதில் அந்தத் தொல்லை கிடையாது, சம்பந்தப்பட்டவர் புகார் சொல்வதில்லை. அந்த வருஷம் முழுக்க எனக்கு மூன்றாவது வகைதான் கை ஓயாத வேலை. அதைப் பற்றி எனக்கே வேடிக்கையாகப் பேச வராது. அதனால் உயிரோடு இருப்பவர்களை வரையச் சொன்னதும் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டேன்.

கூப்பிட்டது ஒரு தொண்டு நிறுவனம். அதன் ஒருங்கிணைப்பாளர் குயிலாப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பைக்கில் வந்து போகிற இளைஞர். முதல் நாள் ஊர்க்கூட்டம் போட்டார்.

"உங்க அடையாளம் என்னன்னு சொல்லுங்க. அதைத்தான் சுவத்துல வரையப் போறோம்."

கூட்டம் யோசித்தது. ஒருவர் எழுந்தார். "பஸ்ஸ வுட்டு எறங்கி, எதுத்தாப்ல வர்ற மண்ணு ரோட்டுல வந்தா மொத டிரான்ஸ்பார்மர்."

"டிரான்ஸ்பார்மர் ரெண்டு இருக்குதுப்பா. கோழிக்கடைன்னு சொல்லு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அந்த அடையாளம் இல்லீங்க. நீங்க யாரு, அது."

"நாங்கதான்" என்றார்கள்.

கடைசி வரிசையில் ஓர் அக்கா. உப்பு வாரிக் கூடையில் சுமக்கிறவள், வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. "யாருன்னு தெரியணும்னா மூஞ்சியப் போடுங்களேன். இதுக்கு ஒரு மீட்டிங்கா?" என்றாள். ஒருங்கிணைப்பாளருக்கு அது பெரிய கருத்தாகப் பட்டது. சொன்னவள் முகத்தையே போடுவதென்று முடிவானது.

நானும் மனசு வைத்து வரைந்தேன். ஆள் உயரத்துக்கு முகம் மட்டும். தலைக்குப் பின்னால் வட்டமாக வெள்ளை உப்புக் குவியல். உப்பளத்து வெயிலில் யாரும் கண்ணை முழுசாகத் திறப்பதில்லை, அதனால் கண் பாதி மூடியிருந்தது. பண்பாடு தெரிய வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டதால் சுற்றிலும் சாமந்திப் பூச்சரம். தன் பெயரைப் பெரிசாக எழுதச் சொன்னாள், எழுதினேன். எந்தப் படம் வரைந்தாலும் மூலையில் வருஷத்தைப் போடுவது என் வழக்கம். மூலையில் பூச்சரம் வந்துவிட்டதால் வருஷத்தைப் பெயருக்குக் கீழே போட்டேன்.

படிப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வாழ்நாளில் பாதியைக் கண்ணீர் அஞ்சலி எழுதியே கழித்த எனக்குப் புரியவில்லை.

ரெண்டு நாள் கழித்து பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். செய்யூர்ப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து பெரிய மாலையோடு ஒருவர் இறங்கினார். கண் சிவந்திருந்தது.

"சாவு வூடு எங்கப்பா?"

யார் வீடு என்று கேட்டேன். அந்த அக்கா பெயரைச் சொன்னார். நான் ஒரு மடையன், அவள் தெருவில்தான் ஏதோ சாவு போலிருக்கிறது என்று நினைத்து, மண் ரோடு, கோழிக்கடை எல்லாம் சொல்லி வழிகாட்டினேன். மாலை கனமாக இருந்ததால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"யாருங்க செத்தது?"

"என் தங்கச்சிதான்யா. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. நேத்து பாண்டிக்குப் போய்ட்டு வந்தவன் பாத்துட்டு வந்து சொல்றான். ரோட்டுமேலயே போட்டோ, பேரு, வருஷம் எல்லாம் எழுதி வெச்சிட்டானுங்களாம்."

ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்தே ஆளை அடையாளம் கண்டுகொள்கிற அளவுக்கு வரைந்திருக்கிறேன். அடுத்த கணம் கால் இரண்டும் வேறு வேறு ஊருக்குக் கிளம்பின. மாலையை விட்டுவிட்டு ஓடலாம் என்றால் மாலையின் மறுமுனை அவர் கையில் இருந்தது.

அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாண்ணே. யாருக்கு மாலை?"

"உனக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு, அண்ணன்காரர் அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தார்.

நான் உடனே தூரிகை, டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருப்பேன். ஆனால் அன்று மாலையே திண்டிவனத்துப் பக்கமிருந்து டீக்கடைக்கு போன் வந்தது. அக்காவின் பெண்ணை அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பேசி வைத்திருந்தார்கள், நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. உப்பளத்துக்காரி வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர்கள் உறவில் ஏற்கெனவே முணுமுணுப்பாம். பஸ்ஸில் போன யாரோ சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்களாம், இப்போது சம்பந்தியம்மாவே போய்விட்டார், காரியம் முடியட்டும், ஒரு வருஷம் போகட்டும், பையனுக்கு வயசாகிறது, வேறு இடமும் பார்க்கிறோம் என்று செய்தி. அக்கா போனை வாங்கி, "நான்தாங்க பேசுறேன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். எதிர்முனையில் யாரோ "ஐயோ" என்று வைத்துவிட்டார்கள்.

நான் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு சுவருக்கு ஓடினேன். ஒரே பூச்சில் விஷயத்தை முடித்துவிடலாம் என்று கணக்கு. வாளியில் வெள்ளையடிக்கிற மட்டையை முக்கும்போது அக்கா வந்துவிட்டாள். கூடவே அவள் வீட்டுக்காரர், லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர், அளந்து பேசுகிறவர்.

"ஏம்பா பெயிண்டரு, என்னா பண்ற?"

"அழிச்சிடுறேங்க்கா."

"அழிச்சா? காரியம் முடிஞ்சிது, படத்த எடுத்துட்டாங்கன்னு சொல்வாங்க. செத்தது உறுதியாயிடும். மட்டைய கீழ போடு."

வீட்டுக்காரர் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. செத்தப்புறம் போட்டிருக்கலாம்" என்றார்.

"நீ சும்மா இருய்யா. பெயிண்டரே, உசுரோட இருக்கிறவ மாதிரி மாத்து."

பூச்சரத்தை அழித்தேன். வருஷத்தை அழித்தேன். அப்படியும் செத்த மாதிரிதான் இருந்தாள். கண்ணைத் திறந்துவிட்டேன், திடுக்கிட்டுச் செத்த மாதிரி இருந்தாள். இத்தனை வருஷம் எத்தனை அஞ்சலிப் படம் எழுதியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அவற்றில் ஒருத்தர்கூடப் பல்லைக் காட்டியதில்லை. வீட்டார் எப்போதும் வாய் மூடிய போட்டோவைத்தான் கொண்டுவருவார்கள்.

"சிரிங்கக்கா" என்றேன்.

சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை.

"அந்த ஓட்டைய அடைச்சிடு. சம்பந்தி வூட்டுல பாப்பாங்க."

"அடைச்சா வம்புக்கா. நேர்ல வந்து பாத்து, சுவத்துல இருக்கிற அம்மாவுக்குப் பல்லு இருக்குது, இவங்களுக்கு இல்ல, அப்ப செத்தது அவங்க, இது அக்கா தங்கச்சி யாரோ, ஏமாத்துறாங்கன்னு சொல்லிட்டா?"

பயத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, "சரி, ஓட்டையோடவே போட்டுத் தொல" என்றாள். போட்டேன். வெற்றிலைக் கறையும் போட்டேன். சுவர் பார்ப்பவரையெல்லாம் கேலி செய்வதுபோல் சிரித்தது.

அண்ணன்காரரே திண்டிவனம் போய்ப் பேசினார். மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, வாடகைக் கார். வீட்டுக்குப் போகவில்லை, கார் நேராகச் சுவருக்கு வந்தது. அக்கா சுவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள். நான் ஏணிக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஏணி ஒல்லி, நான் அப்படியில்லை.

அந்தம்மா சுவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "சிரிங்க சம்மந்தி" என்றார். அக்கா சிரித்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"நீங்கதான்."

"நான்தாங்க."

"சரி. பொண்ணு வூட்டுக்காரங்க இம்மாம்பெருசா ரோட்டுமேல இருக்கீங்க. பையனப் பெத்தவ நான், என் மூஞ்சி எங்க? நாளைக்கு எங்க சனம் பஸ்ல போவுமே, என்னா நெனைக்கும்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா ஏணிப் பக்கம் திரும்பினாள்.

"பெயிண்டரே, வெளிய வா. எடம் இருக்குதா?"

இருந்தது. அந்தம்மா அங்கேயே நின்று காட்டினார். உப்பளத்து வேலை தனக்குத் தெரியாது, கூடை எல்லாம் வேண்டாம், பட்டுப்புடவையோடு முழு ஆளாக நிற்கிற மாதிரி போட வேண்டும். எல்லாப் பல்லும் தெரிய வேண்டும். சம்பந்தியைவிட ஒரு விரற்கடையாவது உயரமாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனை வந்ததும் ஏணியில் வைத்த காலை எடுத்துவிட்டேன். அக்காவைப் பார்த்தேன்.

"ஒரு வெரக்கடதான, போடு" என்றாள். பிறகு என் காதருகே வந்து, "காலு மட்டும் பாத்தித் தண்ணியில இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே போட்டேன். ஒருங்கிணைப்பாளர் வந்து பார்த்துவிட்டு, உப்புப் பாத்திக்கு நடுவில் பட்டுப்புடவை கட்டி நிற்பவர் எதைக் குறிக்கிறார் என்று கேட்டார். சம்பந்தியம்மாவை என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டே போனார். அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. திண்டிவனத்துச் சனம் ஒரு வேனில் வந்து சுவருக்கு முன்னால் இறங்கி, படத்தில் மாப்பிள்ளையின் அம்மா போட்டிருந்த நகையை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி மட்டும் குனிந்து கீழே பார்த்து, "புடவ நனையுதேடி" என்றாள்.