மூன்று மாத மாத்திரை

வடிவம்மாளுக்கு இரத்த அழுத்தம் வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. அதைவிடப் பெரிய பாரம் ஒன்று, மகள் தனுஜா பிறந்த நாளிலிருந்து அவர் நெஞ்சில் இருந்தது. அப்போது அவருக்குப் பத்தியச் சோறு பொங்கிப் போடத் தாய் உயிரோடு இல்லை. தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு வாடகை அறையில், பச்சைக் குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு, தள்ளாடும் கால்களோடு தானே சமைத்தார். என் பிள்ளைக்கு இந்த நிலைமை வரக்கூடாது என்று அன்றே மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தனுஜாவுக்கு இப்போது பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. மாமியார் இல்லாத வீடு. வடிவம்மாளும் பிறை ஊர்த் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தடை ஒன்றே ஒன்றுதான். அரசாங்க கிளினிக்கில் மாதா மாதம் போய் நின்றால்தான் அவருக்கு மாத்திரை கிடைக்கும். சிங்கப்பூரில் வாங்கிக் கட்டுப்படியாகாது. பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு மாதா மாதம் ஓடி வரவும் முடியாது. மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம் என்று ஒருமுறை இருந்துபார்த்து, கோயில் வாசலில் மயங்கி விழுந்தவர் அவர்.

சில பேருக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகத் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு சந்திரிகா சொன்னாள். யாருக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. வடிவம்மாள் தாமே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நோய் அதிகமாக இருப்பவர்களுக்குத்தானே மருந்தும் அதிகமாகக் கொடுப்பார்கள்?

பரிசோதனை நாளன்று கிளினிக்குக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, பால் இல்லாம கோப்பி ஓ. தூள் நிறைய போட்டு நல்லா கட்டியா குடுங்க."

கடைக்காரர் அப்துல் ரசாக் நிமிர்ந்து பார்த்தார். "பிரஷர் இருக்கிற ஆளு, கட்டியா குடிக்கலாமாக்கா? டாக்டர் ஏசுவாங்க லா."

"அதுக்குத்தாண்ணே குடிக்கிறேன். இன்னொன்னும் போடுங்க."

இரண்டையும் குடித்துவிட்டு, மாடிப்படிகளில் வேண்டுமென்றே வேகமாக ஏறினார்.

டாக்டர் துஷ்யந்தி கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். முகம் மாறியது.

"என்னம்மா இது? எப்பவும் நல்லாத்தானே இருக்கும். மருந்தை மாத்தணும் போல இருக்கே. ரெண்டு வாரத்துல திரும்ப வாங்க."

"ரெண்டு வாரமா? மூணு மாசத்துக்குக் குடுப்பீங்கன்னு சொன்னாங்களே டாக்டர்."

"அது பிரஷர் ஒரே சீரா இருக்கிறவங்களுக்கும்மா. இப்படி ஏறியிருந்தா எப்படிக் குடுக்கிறது?"

வடிவம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள், பிரசவம், பத்தியம், கோப்பி, மாடிப்படி எல்லாவற்றையும் விம்மலுக்கு நடுவே கொட்டித் தீர்த்தார்.

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "பிரஷரைக் குறைச்சுக் காட்டப் பார்க்கிறவங்கதான் அதிகம். ஏத்திக்கிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான்." பிறகு குரல் கடுமையானது. "இனிமே இப்படிச் செஞ்சீங்கன்னா, மகளைப் பார்த்துக்க நீங்க இருக்க மாட்டீங்க. வெளியே போய் அமைதியா உட்காருங்க. நானே கூப்பிடுறேன்."

மதியம் மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பியபோது துஷ்யந்தி போகவில்லை. வடிவம்மாளை அழைத்து இரண்டு முறை அளந்தார். அழுத்தம் இறங்கியிருந்தது. கணினியில் பழைய அளவுகளையும் பார்த்தார். எல்லாம் சீராகவே இருந்தன. மூன்று மாதத்துக்கு மருந்து எழுதினார்.

"மகள் வீட்டுல ஒரு மெஷின் வாங்கி வச்சு அளந்து பாருங்க. கூடினா எனக்காகக் காத்திருக்காதீங்க, அங்கேயே டாக்டரைப் பாருங்க."

வடிவம்மாள் கைகூப்பினார்.

"என்னை எதுக்குக் கும்பிடுறீங்க? இத்தனை வருஷம் ஒழுங்கா மாத்திரை போட்டது நீங்கதானே," என்றார் டாக்டர். வடிவம்மாள் கைகளைக் கீழே இறக்கவில்லை.

மருந்தை வாங்கிய கையோடு மகளுக்கு போன் செய்தார்.

"நான் வரேன்மா."

"எத்தனை நாளைக்கும்மா? ஒரு வாரமாச்சும் இருப்பீங்களா?"

"உன் பிள்ளைக்குத் தலை நிக்கிற வரைக்கும் இருப்பேன்."

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"அழக்கூடாது. நிறைமாசக்காரி அழலாமா?" என்று மகளை அதட்டிய வடிவம்மாள், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நின்று கண்ணீரைத் துடைக்கவும் தோன்றாமல் அழுதுகொண்டிருந்தார்.