லிப்ட் தூக்கலைன்னா மெக்கானிக்கைத் தூக்குவாக

டிராக்டர் மெக்கானிக் தொழில்ல ஒரே ஒரு நிம்மதி உண்டு: வண்டி ஓடினா டிரைவர் சாமர்த்தியம், நின்னா மெக்கானிக் கோளாறுன்னு ஊரே முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கும், நாம வாதாடி வாய் வலிக்க வேண்டியதில்லை. நகத்துல கிரீஸ் ஏறின பாவப்பட்ட சனங்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்லுதேன். நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கா இல்லையா?

செல்போன் நம்ம கைக்கு வந்த புதுசு. திருத்தங்கல்ல எனக்கு ஒரு தகரக் கொட்டகை. அச்சங்குளத்துப் பக்கம் பாண்டியம்மா அக்கான்னு ஒருத்தவுக இருந்தாக. அவுககிட்ட ஒரு பழைய டிராக்டர். அது என்ன கலர்னு கேட்டா அதுக்கே தெரியாது. அக்கா பட்டாசுக் கம்பெனியில வேலை பாத்தவுக. ஒருநா பக்கத்து ரூம்ல 'டமார்'னு வெடிச்சிருக்கு. வெறுங்காலோட ஓடி வந்தவுக, இனிமே அந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாக. இருக்கிற மானாவாரிப் புஞ்சையில மக்காச்சோளம் போட்டுப் பொழைச்சுக்கிடுறேன்னு ஒரே வைராக்கியம்.

அந்த வருசம் மழை ஒரு தடவதான் நல்லா எறங்குச்சு. ஈரம் காயுறதுக்குள்ள உழுது விதைக்கணும். தீபாவளி சீசன்ல கைவேலைக்கு ஆள் ஏது? அம்புட்டுப் பேரும் கம்பெனியில இருக்காக. இந்த டிராக்டர் உழலைன்னா அக்காவும் திரும்பப் பட்டாசு வேன்ல ஏற வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும். டிராக்டருக்குத்தான் தெரியலை.

பம்பு போச்சு, எல்லாம் போச்சு

அக்காவோட தம்பி கருப்பசாமிதான் டிரைவர். புஞ்சையில வண்டி இறங்குற பதம் வந்த அன்னைக்குக் காலையில அவன்கிட்டேருந்து மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டா, "அண்ணே, கலப்பை தூக்க மாட்டேங்குது, பம்பு போச்சு, எல்லாம் போச்சு"ன்னு ஒப்பாரி வைக்கான். இருக்கிற ஸ்பேனரையெல்லாம் பையில அள்ளிப் போட்டு, பஸ் ஏறி, வரப்புல வழுக்கி, சேறும் சகதியுமாப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் காலத்து வண்டியில ஒரு விசேசம் உண்டு. பின்னால மிஷின் மாட்டி ஓட்டுறதுக்கு ஒரு தண்டு சுத்துமே, பி.டி.ஓ., அதோட லீவரைப் போட்டாத்தான் கலப்பையத் தூக்குற லிப்டுக்கு எண்ணெய் தள்ளுற பம்பும் சேர்ந்து சுத்தும். கருப்பசாமி முந்தின நாள் பட்டாசுக் கம்பெனிக்கு இதே வண்டியில தண்ணி டேங்கர் இழுத்துட்டு, லீவரை எடுத்துவிட்டவன் அப்படியே மறந்துட்டான். நான் லீவரைத் தள்ளினேன். கலப்பை ஜம்முன்னு எந்திரிச்சு நின்னுச்சு. நெஞ்ச நிமித்திக்கிட்டு அக்காவைப் பாத்தேன். அவுக என்னையப் பாக்கலை, என் பையைப் பாத்தாக.

"இதுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டுப் பெரிய பையத் தூக்கிட்டு வந்தீக?"

பசையுள்ள வீடு

நான் பஸ்ஸுக்குத் திரும்பல, அதுக்குள்ள வண்டி ஊய்ங்ங்னு ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. கலப்பை பாதி ஏறுது, யோசிக்குது, திரும்ப உக்காருது. எண்ணெய் போற வழி அடைச்சாத்தான் பம்பு அப்படிக் கத்தும். கீழ படுத்து வடிகட்டியக் கழட்டினேன். உள்ள வெள்ளையும் நீலமுமா, தோசை மாவு கணக்கா அப்பிக் கிடக்கு! நானும் எத்தனையோ வண்டி பாத்திருக்கேன். உளுந்து அரைச்ச வண்டிய அன்னைக்குத்தான் பாத்தேன்.

அக்கா வீட்டுக்காரரு ராமர் அண்ணன், கம்பெனியில பசை காய்ச்சுறவரு. மைதா மாவும் மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சுற பசை. அந்தப் பசை டின்னு ஒண்ணு வீட்டுல காலியாக் கிடந்திருக்கு. மனுசன் அதுலயே எண்ணெயை வாங்கியாந்து, அப்படியே வண்டிக்குள்ள ஊத்திட்டாரு. எல்லாத்தையும் வடிச்சு, டீசல் விட்டுக் கழுவி, புது எண்ணெய் ஊத்தி முடிக்கையில பொழுது சாய்ஞ்சிருச்சு. அக்கா அவரை வண்டி வண்டியாத் திட்டுறாக. அவரு வடிகட்டிய நகத்தால சுரண்டிப் பாக்காரு. மூஞ்சியில கொஞ்சமாவது வருத்தம் வேணுமே! பூரிப்புங்கேன்.

"எங்க கம்பெனிப் பசையாக்கும், அம்புட்டு லேசுல விட்டுருமா?"

சுத்தியல் ஆகாத இடம்

மறுநாள் விடிஞ்சதும் உழுதிருக்கலாம். கருப்பசாமி கம்பெனிக்குத் தண்ணி அடிக்கிறதாச் சொன்ன சொல்லு குறுக்க வந்துச்சு. சீசன்ல தண்ணி நின்னா கம்பெனியே நின்னுரும். அடிச்சுட்டு வந்துருதேன்னு போனவன் வரலை. போய்ப் பாத்தா, டேங்கர் பம்பை பி.டி.ஓ. தண்டோட சேக்கிற ஜாயிண்ட் இறுகிப் பிடிச்சிருக்கு. அதைக் கழட்டாமக் கலப்பையை மாட்ட முடியாது. கையால ஆட்டினேன், கட்டைய வச்சுத் தட்டினேன், நம்மளத் திட்டுற கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அதைத் திட்டினேன். அசையலை. வெயிலு வேற சுள்ளுன்னு ஏறுது, புஞ்சை ஈரம் கண்ணு முன்னாடி காயுது.

எரிச்சல்ல பையிலேருந்து பெரிய சுத்தியலை எடுத்தேன் பாருங்க, வாட்ச்மேன் பாய்ஞ்சு வந்து என் கையப் பிடிச்சாரு. வெடிமருந்து இருக்கிற இடம், இரும்பும் இரும்பும் உரசினாப் பொறி வரும். கோவத்துல எனக்கு அந்த நினைப்பே இல்லை, அவருக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்துப் போச்சு. வண்டிய வெளிய ஓட்டிட்டுப் போனா, கேட்டைத் தாண்டியும் விட மாட்டேங்காரு. "இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி"ன்னு கண்மாய்க்கரை வரைக்கும் விரட்டினாரு. அங்கன வச்சு ஒரே அடி, கழண்டு வந்துருச்சு. ஆனா உள்ள வச்சு, "தட்டாம எப்படிய்யா கழட்ட?"ன்னு நான் எகிறினப்ப அவரு சொன்னதுதான் இன்னும் காதுல நிக்கி.

"வேணும்னா உங்க மண்டைய வச்சு முட்டிக்கிடுங்க, இரும்பை எடுக்காதீக!"

கலப்பை தூக்கின ஆளுக

மத்தியானத்துக்கு மேல உழவு ஆரம்பிச்சுச்சு. அக்கா முன்னால விதையத் தூவிக்கிட்டே போறாக, கருப்பசாமி பின்னாலேயே உழுது அதை மண்ணுக்குள்ள மூடிக்கிட்டு வாரான். பாதிப் புஞ்சை தாண்டியிருக்கும். 'கடக்'குன்னு ஒரு சத்தம். பசை தின்ன பம்பு நெசமாவே செத்துப் போச்சு. புதுசு மதுரையிலேருந்து வரணும். அக்கா ஒரு கட்டி மண்ணை எடுத்து நசுக்கினாக, பொலபொலன்னு உதிர்ந்துச்சு. "நாளைக்கு இது கல்லாயிரும் தம்பி. விதை மண்ணுக்குள்ள போகலைன்னா குருவிக்குத்தான்"னாக. வண்டி ஓடும், உழும். ஆனா சாலு முடிஞ்சு திரும்பணும்னா கலப்பையத் தூக்கணுமே, எவன் தூக்குறது?

அந்நேரம் ரோட்டுல கம்பெனி வேன் வேலை முடிஞ்சு வருது. அக்கா தலையில கை வச்சு உக்காந்திருக்கிறதப் பாத்துட்டு உள்ள இருந்த பொம்பளையாளுக வேனைத் தட்டி நிறுத்தி, திமுதிமுன்னு இறங்கிட்டாக. கையெல்லாம் வெள்ளிப் பொடி. விசயத்தக் கேட்டாக, சேலைய இழுத்துச் சொருகினாக, அவ்வளவுதான். அந்த முனையில ஒரு கூட்டம், இந்த முனையில ஒரு கூட்டம். கலப்பைக்கடியில உருட்டுக்கட்டையக் கொடுத்துத் தூக்கினா, அது கீழ இறங்காம நான் வண்டியோட சங்கிலி போட்டு மாட்டுவேன், வண்டி திரும்பும், கழட்டிவிடுவேன், கலப்பை மண்ணுல இறங்கும். வேன் டிரைவர் ஹாரன் அடிச்சான். அவுக திட்டின திட்டுல அப்புறம் அடிக்கலை.

இருட்டுறதுக்குள்ள கடைசிச் சாலும் விழுந்துருச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு எல்லாரும் வேன்ல ஏறினாக. செல்வின்னு ஒரு பிள்ளை, அக்கா கூட ஒரே ரூம்ல வேலை பாத்தவ, கடைசியா ஏறினா. ஏறி, ஜன்னல் வழியாத் தலைய நீட்டி அக்காவைக் கூப்பிட்டா.

"நீ திரும்பி வந்தாலும் வருவேன்னு ஒன் சீட்டுல இம்புட்டு நாளா ஒருத்தியவும் உக்கார விடலக்கா, நாளையிலேருந்து நான் அதுல காலை நீட்டிக்கிடுறேன்!"

லிப்ட் தூக்காததுக்கு என்ன செய்யணும்னு டிராக்டர் கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்துல பக்கம் பக்கமாப் போட்டிருக்கான், ஆனா ஒரு பக்கத்துலயாவது 'வேனை நிறுத்து'ன்னு எழுதணும்னு அவனுக்குத் தோணலை பாருங்க.